முறையிட்டது குற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஓரியூர் அருளானந்தர் (சேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ) பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1693 ஜனவரியில் மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றதும், பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் குருவின் தலை வெட்டப்பட்டதும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் தடியத்தேவரின் இளைய மனைவியை, இராமநாதபுரம் மன்னர் சேதுபதியிடம் கோள் மூட்டியவள் என்று ஒரே வரியில் முடித்தது உறுத்துகிறது. நான் கேட்ட பிரசங்கங்களிலும் அவளுக்கு இதே கதிதான்.

அவள் செய்ததுதான் என்ன? தடியத்தேவருக்கு மனைவியர் ஐந்து பேர். அக்காலப் பாளையக்காரர் வீடுகளில் அது வழக்கம். யாரும் முகம் சுளிக்காத, இரு வீட்டாரும் கூடி நடத்திவைத்த கல்யாணங்கள். மதம் மாறியதும் முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். சோற்றுக்கும் துணிக்கும் வழி செய்வதாகச் சொல்லியே இருக்கட்டும், மனைவி என்ற இடம் போனது போனதுதானே? விலக்கப்பட்டவர்களில் ஒருத்தியான இந்த இளைய மனைவி சேதுபதிக்கு நெருங்கிய உறவு. பிறந்த வீட்டில் முறையிடாமல் வேறு எங்கே போய் முறையிடுவாள்? தண்டனை விதித்தது மன்னர். தன் அரியணைக்கே உரிமை கோரக்கூடிய ஒருவர் மதம் மாறுகிறார் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. பழியை மட்டும் அவள் தலையில் கட்டிவிட்டோம்.

பலதார மணத்தைப் பற்றி, 'இந்த விஷயத்தில் திருச்சபை என்றும் ஒரே பேச்சுத்தான்' என்று கட்டுரையாளர் எழுதுவதும் சரியல்ல. ஆபிரகாமும் யாக்கோபும் பல மனைவியரோடு வாழ்ந்தது அன்றைய வழக்கம், அது பாவமல்ல என்றார் புனித அகுஸ்தீனார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி முதல் மனைவியைத் தள்ளிவைக்க முயன்றபோது, தள்ளுவதைவிட இன்னொருத்தியை மணப்பது மேல் என்று 1531-இல் எழுதினார் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர். ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப் 1540-இல் அப்படியே இரண்டாம் மணம் செய்துகொண்டதற்கும் லூத்தருடைய இரகசிய ஆலோசனை இருந்தது. விஷயம் வெளியே கசிந்தபோது, பொய் சொல்லி மறைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்! கத்தோலிக்கத் தரப்பில், 1563-இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் பலதார மணத்துக்குக் கதவை அடைத்தது. ஆனால் எட்டே ஆண்டுகளில் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர், மதம் மாறுகிறவர் முதல் மனைவியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை, தம்மோடு ஞானஸ்நானம் பெறும் மனைவியை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். பிரபுக்களுக்கும் மதம் மாறியவர்களுக்கும் இப்படி வழி பிறந்துகொண்டே இருந்தது. விலக்கப்படும் பெண்ணின் பிழைப்பைப் பற்றி யார் பேசினார்கள்?

பேசிய ஒருவரை எனக்குத் தெரியும்: தென் ஆப்பிரிக்காவில் நத்தால் ஆயராக இருந்த கொலென்சோ. மனைவியரைத் தள்ளிவிட்டு வா என்று ஜூலு மக்களிடம் கேட்பது அநியாயம், மனைவியைத் தள்ளுவதைத்தானே கிறிஸ்து வெளிப்படையாகக் கண்டித்தார் என்று 1855-இல் எழுதினார். அவருடைய சபையே கேட்கவில்லை. 1888 லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், பல மனைவியர் உள்ளவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று தீர்மானித்தார்கள். அது மாற நூறு ஆண்டு பிடித்தது. மனைவியர் பிள்ளைகளோடு அவரை ஏற்கலாம், இனி வேறு மணம் செய்யமாட்டேன் என்ற உறுதி போதும், விலக்கினால் அந்தப் பெண்கள் நிராதரவாவார்கள் என்பதால் விலக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1988-இல் அதே மாநாடு சொன்னது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1148-ஆம் பிரிவு இன்றும் ஒரே மனைவி என்றுதான் சொல்கிறது. ஆனால் விலக்கப்படும் மற்றவர்களின் தேவைகளுக்கு வழி செய்யப்படுகிறதா என்று மேற்றிராணியார் (ஆயர்) பார்க்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. இது 1983 சட்டத் தொகுப்பு. ஓரியூர் நிகழ்ச்சிக்கு 290 ஆண்டு பிந்தியது.

அருளானந்தரின் தியாகத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஓரியூர்த் திருவிழாவுக்குப் போகிறவள்தான் நானும். கட்டுரையாளர் சேசு சபைக் குருக்களின் பழைய கடிதங்களைப் படித்தவர் என்று தெரிகிறது. அந்த நான்கு பெண்களும் பிறகு எங்கே போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று அவற்றில் ஒரு வரியாவது இருந்தால், தயவுசெய்து அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை