சோறு போதும், சாவியைத் தாருங்கள்

கதிர்காமப் பாதயாத்திரை போகும் வழியில் இருக்கும் கோயில் பரிபாலன சபைகளின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும்,

வணக்கம். வடமராட்சியில் இருந்து எழுதுகிறேன். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலோடு வெளிக்கிட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று இறங்கி, குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. முழுத்தூரம் நடந்தது ஒரேயொரு முறைதான். மற்ற வருசங்களில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இதையும் முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பிழை பிடிக்கக்கூடாது.

நீங்கள் சோறு போடுவதில் ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால் கூடிப்போச்சு. போன வைகாசியில் பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியில் நடந்த அன்று, காலமை பத்து மணிக்குள் மூன்று இடத்தில் மறித்துச் சாப்பாடு தந்தார்கள். வேண்டாம் என்றால் மனம் நோகும் என்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஆனால் அன்று முழுக்க நாங்கள் பெண்கள் தேடியது வேறொன்று. ஒரு மலசலகூடம்.

விடிய மூன்றரைக்கு எழும்பி நடக்கத் தொடங்கினால் முதல் மூன்று மணித்தியாலம் சுகம். இருட்டு, குளிர்காத்து, முன்னால் வேல், பின்னால் அரோகரா. ஒன்பது மணிக்குப் பிறகுதான் தார் சுடத் தொடங்கும். செருப்பில்லாமல் நடக்கிற சாமிமார் வீதியோரத்து வெள்ளைக்கோட்டில் ஒருவர் பின்னால் ஒருவராய்க் காலை வைத்துப் போவார்கள், கறுப்பை விட வெள்ளை கொஞ்சம் சூடு குறைவு. அந்த வெயிலில் தண்ணீர்ப்பந்தலில் மோர், சக்கரைத்தண்ணி, சோடா எல்லாம் நீட்டுகிறீர்கள். ஆம்பிளைகள் வாங்கி மடமடவென்று குடிப்பார்கள். எங்கள் பக்கத்தைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? வாயை நனைத்துவிட்டு மிச்சத்தைக் கையில் வைத்திருப்போம். குடித்தால் எங்கே போவது? பற்றை மறைவு என்றால் பாம்புப் பயம், வீதியால் போகிற மோட்டார்சைக்கிள்காரரின் பயம், அதோடு வெட்கம். மத்தியானம் மயங்கி விழுகிற அம்மாமாரைப் பார்த்து “வெயில் தாங்கேல்லை” என்று நீங்கள் சொல்வது பாதி உண்மைதான். மிச்சப் பாதி, அவர்கள் விடியற்காலையில் இருந்து தண்ணி குடிக்கவில்லை.

அன்று பின்னேரம் ஒரு கோயிலில் தங்கினோம். பெயர், ஊர் சொல்லப் போவதில்லை. புதுக் கோபுரம், புது மண்டபம், மண்டபத்துக்குப் பின்னால் மாபிள் பதித்த மூன்று மலசலகூடம். உபயகாரரின் பெயர் கறுப்புக் கல்லில் வெட்டியிருந்தது. மூன்று கதவிலும் ஆமைப்பூட்டு. சாவி எங்கே என்று கேட்டால் காவலுக்கு இருந்த பெடியன் சொல்கிறான்:

“சாவி தலைவரிட்டை இருக்கு அக்கா. அவர் கிளிநொச்சிக்குப் போட்டார்.”

“எப்ப வருவார்?”

“திருவிழாவுக்குத்தான் உது திறக்கிறது அக்கா. மற்றாக்கள் ஊத்தையாக்கிப் போடுவினம்.”

அவனில் கோபமில்லை. எங்களோடு வந்த ஓர் அக்கா பேசாமல் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வேலிக்கு அங்காலை நடந்தா. 2009இல் போர் நேரம் இதே வீதியால் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து போனவ. திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து, “அண்டைக்கும் இதுதான் பெரிய கரைச்சல் தங்கச்சி, ஒருத்தரும் எழுதேல்லை” என்று மட்டும் சொன்னா. அதனால்தான் இந்த மடல்.

பருத்தித்துறைப் பக்கம் வந்தால் ஒருமுறை தெருமூடிமடத்தைப் பாருங்கள். வீதிக்கு மேலேயே கல்தூண் நட்டுக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். போகிறவன் யார், எந்த ஊர் என்று கேட்கக் கதவே இல்லை. தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி, மாடு முதுகு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல், தண்ணி குடிக்கக் கேணி என்று வைத்தவர்கள் எங்களுடைய ஆட்கள். மாட்டுக்கு முதுகு கடிக்கும் என்று யோசித்த ஊரில், மனிசிக்கு அவசரம் வரும் என்று யோசிக்க ஆள் இல்லையா?

காட்டுக்குள் போனால், சொன்னால் சிரிப்பீர்கள், இந்தக் கரைச்சல் குறைவு. உகந்தைக்கு அங்காலை யானைப்பயம் இருக்கிறதுதான், ஆனால் பெண்கள் இரண்டு இரண்டு பேராய் ஒதுங்கலாம், பூட்டும் இல்லை, தலைவரும் இல்லை.

சரி, கேட்பது இதுதான். புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம், கட்டியிருப்பதைத் திறந்து விடுங்கள். வைகாசியில் நாங்கள் கடந்து போகிற அந்தக் கொஞ்ச நாளுக்குச் சாவியைப் பக்கத்துக் கடையிலோ கோயிலடி வீட்டு அம்மாவிடமோ கொடுத்து வையுங்கள். ஒரு வாளி, ஒரு கோப்பை, தாங்கியில் தண்ணி, உள்ளே எரிகிற ஒரு பல்ப். பல்ப் முக்கியம், நாங்கள் எழும்புவது மூன்றரைக்கு. உட்பக்கக் கொண்டி பூட்டுப்படுகிறதா என்று உங்கள் வீட்டுப் பெண் ஒருவரை விட்டுப் பாருங்கள், ஆம்பிளைகள் பார்த்தால் “ஓம் ஓம் சரி” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். ஊத்தையாகும் என்ற பயம் நியாயம்தான். விளக்குமாறும் பினைலும் வைத்துவிடுங்கள், கழுவிவிட்டுத்தான் போவோம், எங்கள் கூட்டத்துக்கு நான் பொறுப்பு.

காசு போதாது என்றால் எங்களுக்குப் போடுகிற மூன்று சாப்பாட்டில் ஒன்றைக் குறையுங்கள். பாயாசத்தை முதலில் குறைக்கலாம்.

வாற வைகாசியும் அதே வீதியால்தான் வருவோம். உங்கள் கோயிலடிக்குப் பின்னேரம் ஐந்து, ஐந்தரை ஆகும். தலைவர் ஐயா, அன்று கிளிநொச்சிக்குப் போவதென்றால் தாராளமாகப் போய் வாருங்கள். சாவியைப் பெடியனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
வடமராட்சியில் இருந்து நடந்து வரும் ஒரு சாமி