தொகுதி முறை என்றால் எந்தத் தொகுதி முறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தல் முறையை மாற்றும் பேச்சு கிளம்பினால் போதும், பழையபடி தொகுதி வந்தால் கொழும்பில் சிறுபான்மையினருக்கு ஒன்றும் மிஞ்சாது என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். எழுதுகிறவர்கள் கொழும்பு மத்தித் தொகுதியின் கதையை ஒருதரம் புரட்டிப் பார்க்கட்டும்.

1947இல் இருந்த 89 தொகுதிகளில் மூன்று பேரைத் தெரிவுசெய்தது இது ஒன்றுதான். வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். பிரித்துப் போடலாம், மூன்று புள்ளடியையும் ஒருவருக்கே போட்டுவிட்டும் வரலாம், சூட்சுமமே அதில்தான். நூற்றுக்கு 25 பேருக்கு மேல் ஒருவர் பின்னால் உறுதியாக நின்று மூன்றையும் அவருக்கே போட்டால், மற்றவர்கள் எப்படிக் கூட்டுச் சேர்ந்தாலும் அவரைத் தோற்கடிக்க முடியாது. அந்த முதல் தேர்தலில் வந்தவர்கள் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன், ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) டி.பி. ஜாயா. ஒரு சிங்களவர், ஒரு பறங்கியர், ஒரு மலாயர். கட்சியும் மூன்று.

1977ஐப் பாருங்கள். ஐ.தே.க. 168 ஆசனங்களில் 140ஐ அள்ளிக்கொண்டு போன தேர்தல் அது, சுதந்திரக் கட்சிக்கு மிஞ்சியது எட்டே எட்டு. அந்த எட்டில் ஒன்று கொழும்பு மத்தியில் கிடைத்தது! பிரேமதாச, ஜாபிர் ஏ. காதர் ஆகிய இரு ஐ.தே.க. உறுப்பினர்களோடு மூன்றாமவராக ஹலீம் இஷாக் வந்தார். இந்த இரண்டு தேர்தலிலும் தமிழர் ஒருவரும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வாக்களிப்பு முறை வழியைத் திறந்து வைக்கும், ஆளை நிறுத்தி வாக்கைச் சேர்ப்பது நம் பாடு.

1989 தேர்தலோடு, கட்சி வாங்கும் வாக்குக்கு ஏற்ப ஆசனம் பங்கிடும் விகிதாசார முறை வந்து, முழுக் கொழும்பு மாவட்டமும் ஒன்றாகி, மத்தி என்ற பெயர் வாக்கு எண்ணுவதற்கு மட்டும் மிஞ்சியது. சரி, அது போகட்டும். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பல அங்கத்தவர் வட்டாரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்களே, அதில் வாக்காளருக்கு ஒரே வாக்கு, முதலில் வந்த கட்சிக்கே அந்த வட்டாரத்தின் எல்லா இடமும். பல அங்கத்தவர் என்ற பெயர் பழையது, வேலை நேர்மாறு. இதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரி விமர்சனம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த முறை எந்தக் கட்சித் தலைவராவது தொகுதி முறை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ பேட்டி தந்தால், ஒரு தொகுதிக்கு எத்தனை பேர், வாக்காளருக்கு எத்தனை வாக்கு, எல்லாவற்றையும் ஒருவருக்கே போடலாமா என்று உங்கள் நிருபர் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மருதானை, கொழும்பு 10