வன்னிப் பாடசாலைகளுக்குக் கட்டடம் கட்டித்தர முன்வரும் பழைய மாணவர் சங்கங்களுக்கு

அன்புடையீர்,

தகரக் கொட்டகையில் நெருங்கியிருந்து படிக்கும் பிள்ளைகளுக்காகப் பணம் சேர்க்கிறீர்கள். இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலானோர் போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்கள். ஆனாலும் கூலிக்குப் போகும் தனித்த தாய், காலை இழந்த தகப்பன், அடைபடாத கடன் என்று போர் அவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அந்தப் பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது.

வழமையான 60க்கு 20 அடிக் கட்டடம் மூன்று வகுப்பறை. வகுப்புக்கு 400 சதுர அடி. 35 பிள்ளைகள் என்றால் ஒருவருக்குப் பதினொன்று சொச்சம். ஐம்பது பேரை இருத்தினால் எட்டுத்தான். மேசைகளுக்கிடையே நடந்துபோய்க் கடைசி வரிசைக் கொப்பியைப் பார்க்க ஆசிரியருக்கு வழி இராது.

செலவைக் குறைக்க இடைச்சுவரை விட்டுவிடாதீர்கள். நாங்கள் அடிக்கடி காணும் பிழை இதுதான். ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் பாட்டு. இரண்டு ஆசிரியர்களும் தொண்டை கிழியக் கத்துவார்கள். சத்தத்துக்கு ஏற்கெனவே மிரளும் பிள்ளை அங்கே என்ன படிக்கும்? இடைச்சுவர் முகடுவரை எழட்டும். காற்றுக்கு நீளப் பக்கங்களில் மூன்றடி அரைச்சுவரும் மேலே கம்பிவலையும் போதும். கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டால் வெயில் உள்ளே அதிகம் விழாது.

மண்ணைப் பார்க்காமல் வரைபடம் கீறாதீர்கள். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கருங்களி மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். சாதாரணக் கல் அத்திவாரம் போட்டால் சுவரும் சேர்ந்து வெடிக்கும். கரையோரத்தில் உவர்நீரில் கொங்கிரீட் குழைத்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரைப் பவுசரில் எடுப்பியுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணி என்பதை மண்வெட்டி படுமுன் எழுத்தில் வாங்குங்கள்.

கோடையில் சேர்த்த பணம் ஐப்பசியில் வந்து அப்போது அத்திவாரம் வெட்டினால், குழி குளமாகும். தைப்பொங்கல் கழிந்ததும் தொடங்கி, செப்டெம்பருக்குள் கூரையை முடித்துவிட வேண்டும்.

மலசலகூடத்துக்கு யாரும் பெயர்க்கல் பதிப்பதில்லை. அதனாலேயே அது கடைசிக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 25 பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. 50 ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும் சிறுநீர் கழிக்கும் இடமும். பெரிய பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் நிற்பதற்குத் தண்ணீரும் கதவுக் கொண்டியும் இல்லாததும் ஒரு காரணம். குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்கட்டும். வகுப்பறை ஒன்று குறைந்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பணம் அனுப்புமுன் அதிபரிடம் மூன்று கடதாசிகள் கேளுங்கள்: காணி ஆவணம், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, அங்கீகரித்த ஆசிரியர் ஆளணியும் (இருக்க வேண்டியவர்கள்) நிரம்பிய ஆளணியும் (இப்போது இருப்பவர்கள்) காட்டும் பட்டியல். கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ வெற்றிடம் இருந்தால், கட்டடப் பேச்சோடு சேர்த்து அதையும் வலயக் கல்விப் பணிப்பாளருக்குச் சங்கத்தின் கடிதத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வன்னிப் பாடசாலைக் கட்டட வேலைகளில் ஈடுபடும் ஆசிரியர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள்