ஜூனில் படகு வராது, நாங்கள் வருவோம்

அன்புள்ள பாப்பா,

உன் மெசேஜ் பார்த்தோம். ஜூன் கடைசியில் லீவுக்குப் பினாங்கு வருகிறீர்கள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் படகோடு வந்து நிற்க வேண்டும், குட்டி தன் தாத்தாவின் படகில் ஏற வேண்டும். இவ்வளவுதானே? நாங்கள் வருவோம். படகு வராது. போனில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் படகிலேயே இருக்கும் லங்காவியிலிருந்து பினாங்கு 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர். உனக்கு அது காரில் ஒன்றரை மணி நேரம். எங்கள் 34 அடிப் படகு பாய் விரித்தாலும் எஞ்சின் போட்டாலும் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர், போனால் பெரிய விஷயம். சைக்கிள்காரன் முந்திவிடுவான். ஒரே மூச்சில் போனால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஆகும், நடுவில் எதுவும் தடங்கல் வராமல் இருந்தால். இருட்டில் நாங்கள் ஓட்டுவதில்லை. கெடா கரையோரம் முழுக்க மீன்பிடி வலை. சின்னக் கொடி கட்டிய மிதவைதான் அடையாளம், விளக்கு இருக்கும், இல்லாமலும் இருக்கும். வலை புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க வேண்டும். பகலில் என்றால் சரி, ராத்திரி வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அதனால் முதல் நாள் பிடான் தீவு ஓரம் நங்கூரம் போட்டுப் படுத்து, மறுநாள்தான் பினாங்கு.

இதெல்லாம் நல்ல காலத்தில். ஜூன் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பகலில் மலாக்கா நீரிணையில் பாய் ஆடக்கூடக் காற்று இருக்காது. விடியற்காலையில் மேற்கே சுமத்ரா பக்கமிருந்து கறுப்பாக ஒரு மேகக்கோடு கிளம்பி வரும். கடலில் இருக்கிறவர்கள் அந்தப் புயற்காற்றையே ‘சுமத்ரா’ என்றுதான் சொல்வார்கள். முதலில் சில்லென்று முகத்தில் படும், நன்றாக இருக்கிறதே என்று நினைப்பதற்குள் அடித்துக்கொண்டு வந்துவிடும். 40 நாட் வரைகூடப் போகும், மணிக்கு 74 கிலோமீட்டர். ஒன்று இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அதற்குள் பக்கத்துப் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நம் மேல் வருகிறதா, நாம் யார் மேலாவது போகிறோமா என்று இரண்டு பேரும் மழையில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்போம்.

அதனால்தான் சங்கிலியில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. 5 மீட்டர் ஆழத்துக்குக் குறைந்தது 30 மீட்டர் சங்கிலி விடுவோம். கடல் ஏறும் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி ஏற்றவற்றம் அதிகம். அடுப்புக்கு மேலே தொங்கும் தமிழ் நாள்காட்டியை விரதம் பார்க்கத்தான் வாங்கினேன், இப்போது அப்பாதான் அதை அதிகம் பார்க்கிறார்.

மாப்பிள்ளை கேட்பார், ரேடார் படமெல்லாம் போனிலேயே வருகிறதே, பார்த்துக் கிளம்பக் கூடாதா என்று. பார்க்கிறோம். சந்தேகமாக இருந்தால் கிளம்புவதில்லை. எங்கள் பாதுகாப்பே அதுதான். நாளை இல்லை என்றால் நாளன்றைக்கு, இல்லை என்றால் அடுத்த வாரம். பத்து மணிக்கு நீ குட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையில் நிற்கிறாய் என்று தெரிந்தால் என்ன ஆகும்? மேகத்தைப் பார்த்த பிறகும் அப்பா கிளம்புவார். எனக்கு அவரைத் தெரியாதா? பேத்தி என்றால் அவருக்குக் காற்றும் தெரியாது, கடலும் தெரியாது.

தெற்கே போகும்போது இடது பக்கம் நாள் முழுக்க ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர். வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்த கப்பல்களுக்கு அதுதான் கடாரத்தின், அதாவது இந்தக் கெடாவின், அடையாளம். ஒவ்வொரு முறையும் அப்பா 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கதையை ஆரம்பித்துவிடுவார். அவன் படையோடு வந்தான், நாம் லிட்டில் இந்தியாவில் முறுக்கு மாவு வாங்கப் போகிறோம், ஸ்டியரிங்கைப் பார்த்துப் பிடியுங்கள் என்பேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். அந்த வியாபாரிகள் ஒரு பருவக்காற்றில் வந்தால், காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் இங்கேயே காத்திருந்துதான் ஊருக்குப் போனார்கள். அவர்களை யாரும் சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லவில்லை.

படகை விற்றுவிட்டு ஈப்போவில் காண்டோ வாங்கச் சொல்கிறாய். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். அதற்குப் பின்னால் இருக்கிற பயம் எனக்குப் புரிகிறது: அப்பாவுக்கு நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் அம்மா தனியாக என்ன செய்வாள்? அதற்குத்தான் மாதம் ஒருமுறை அவரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைக் கிளப்புவது, நங்கூரம் தூக்குவது, வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி மரினாவில், அதாவது படகு கட்டும் துறையில், கட்டுவது, எல்லாம் நான்தான். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவர் படும் பாட்டை நீ பார்க்க வேண்டும். கடலில் ஒரு முழுத் தேங்காயைப் போட்டு, படகைத் திருப்பி வந்து எடுக்கிற பயிற்சியும் உண்டு. மனுஷன் தலையும் அலையில் அவ்வளவு சின்னதாகத்தான் தெரியும். எடுத்த தேங்காய் அன்றைக்கே சட்னிக்கு. படகு வானொலியில் அவசரத்துக்கான சேனல் 16-இல் உதவி கேட்பது எப்படி என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கரையோரம் பெரும்பாலும் போனும் வேலை செய்கிறது. நாங்கள் கரையை விட்டு எங்கேயும் போகிறவர்கள் இல்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் ஜனவரியில் இலங்கைக்கும் அதற்கு அப்பாலும் கிளம்பிப் போவார்கள். கையசைத்து வழியனுப்பிவிட்டு வந்து தோசை ஊற்றுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் படகை மரினாவில் கட்டிவிட்டு, குவாவில் ஃபெரி ஏறி கோல கெடா, அங்கிருந்து அலோர் ஸ்டார், ரயிலில் பட்டர்வொர்த், மறுபடி ஃபெரி. முதல் நாளே வந்துவிடுவோம். சனிக்கிழமை பத்து மணி என்ன, ஒன்பதே முக்காலுக்கே நிற்போம்.

படகைப் பார்க்க டிசம்பர் லீவில் லங்காவிக்கு வாருங்கள். மாதக் கடைசியென்றால் இன்னும் நல்லது. அப்போது வடகிழக்குக் காற்று நிலப்பக்கமிருந்து வரும், கரையோரம் அலை எழும்பாது, மழையும் குறையும். தாயாங் புந்திங் தீவில் நன்னீர் ஏரி இருக்கிறது, கடலுக்கும் அதற்கும் நடுவே மெல்லிசாக ஒரு பாறைச்சுவர்தான். ரப்பர் படகில் போய் இறங்கி, கொஞ்சம் ஏறி நடந்தால் குட்டி அதில் குளிக்கலாம். கிளிம் ஆற்றுப் பக்கம் அலையாத்திக் காட்டுக்கு மேலே செம்பருந்து வட்டமடிக்கும். டிக்கெட்டை நீ எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் போடு, எந்த நாள் எங்கே போவது என்பதை மட்டும் எங்களிடம் விட்டுவிடு.

மெல்பர்னில் எஞ்சின் இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் சின்னச் சக்கரம்) இரண்டு வாங்கி வர வேண்டும், பார்ட் நம்பரை அப்பா தனியாக அனுப்புவார். அப்புறம், குட்டியின் எடை இப்போது எத்தனை கிலோ? லைஃப் ஜாக்கெட்டை வயது பார்த்து வாங்கக் கூடாது, எடை பார்த்துத்தான் வாங்க வேண்டும். போன வருடத்து எடையைச் சொல்லாதே, நிறுத்துப் பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா