கல்வெட்டில் எங்கள் அம்மாக்களின் பெயர் இல்லை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் ஆலய அருட்பணிச் சபையினருக்கும்,

பெருநாளன்று திறந்த கல்வெட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் ஆலயத் திருப்பணிக்கு நிதி தந்த 32 பேரின் பெயர்கள். இரண்டு தரம் வாசித்தேன். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

நிதி தந்தவர்களைக் குறை சொல்லவில்லை. குளிர் நாடுகளில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு அது. ஆனால் போர் முடிந்து 2010இல் நாங்கள் மீள்குடியேறி வந்தபோது இந்தச் சிற்றாலயம் எப்படிக் கிடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். காசு வருமுன்பே பீடத்தைச் சுற்றிப் பற்றை வெட்டியவர்கள் ஒன்பது பெண்கள். அவர்களின் பெயர்களையும் பொறியுங்கள்.

கோயில் கிணறு உவர். பீடத் துணியை அதில் தோய்த்தால் மஞ்சளாகிவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் குளக்கட்டுக்கு அப்பாலுள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடத்தில் சுமக்கிறார்கள். சோளகக் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் அந்தக் கிணற்றிலும் அடி தெரியும். ஊறும்வரை காத்திருந்துதான் அள்ள வேண்டும். என் அம்மாவுக்கு 68 வயது. இடது தோளில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. குடத்தை வலது இடுப்பில் மட்டுமே வைப்பார். மாற்றி வைக்க முடியாது. உவர்த் தண்ணீர் சீமெந்துக்கு ஆகாது என்று மேசன் சொன்னதால், உங்கள் கல்வெட்டுக்கும் அவர்கள்தான் 14 குடம் சுமந்தார்கள்.

1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு, கத்தோலிக்கரைத் துன்புறுத்திய ஒல்லாந்தருக்குத் தப்பிக் காட்டுக்குள் போனவை குடும்பங்கள். இன்று மடு மாதா கோயில் இருக்கும் மருதமடுவில் முதல் கோயிலைக் கட்டியவர் எலேனா என்ற பெண் என்றுதான் மரபு சொல்கிறது. பிரசங்கத்தில் அதைக் கேட்கிறோம். அப்புறம் சபைக் கூட்டத்துக்குப் பெண்களைத் தேநீர் ஊற்றத்தான் கூப்பிடுகிறீர்கள். மூப்பரும் ஆண், பொருளாளரும் ஆண், கணக்குக் கேட்பவரும் ஆண். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது, மறைக்கவில்லை.

சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம். இப்போது கேட்பது பெயர்களை மட்டும்தான். கல்வெட்டின் அடியில் ஒன்பது வரிக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன். அந்த ஒன்பது பேரில் இருவர் இப்போது சேமக்காலையில், மரச்சிலுவைக்குக் கீழே இருக்கிறார்கள். வேறெந்தக் கல்லிலும் அவர்களின் பெயர் இல்லை.

பெயர்களை எழுதி மூப்பரிடம் கொடுத்திருக்கிறேன். நத்தாருக்கு முன் பொறித்துத் தருமாறு பணிவோடு கேட்கிறேன். மேசன் கூலியைப் பிள்ளைகள் நாங்களே தருவோம்.

இப்படிக்கு,
தண்ணீர் சுமப்பவர்களில் ஒருவரின் மகள்