மான்ஸ்டெரா வாங்கியவர்களுக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக நம் கடையைப் பற்றி ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். ஓட்டை இலை உள்ள மான்ஸ்டெராச் செடி ஒன்றைத் தொட்டியில் முன்னால் நட்டு, பின்னால் இருப்பதெல்லாம் பிலோடென்ட்ரான் என்ற, பார்க்க அதைப் போலவே இருக்கும் மலிவான செடியாக வைத்து விற்கிறோம் என்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் வந்த இலைகள் வெற்றிலை மாதிரி முழுசாக இருப்பதுதான் அதற்கு ஆதாரமாம்.

விலை கூடிவிட்டது, பதில் சொல்லத் தாமதம் என்றால் கேட்டுக்கொள்வேன். செடியை மாற்றிக் கொடுத்தோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒருவர் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்து இருவரும் பார்த்தோம். பழைய இலைகள் இரண்டில் ஓரம் பிளந்திருந்தது. புதிதாக வந்த மூன்றும் உள்ளங்கை அளவுதான், ஒரு கீறல்கூட இல்லை. அதே தண்டில்தான் வந்திருந்தன. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே நாலு விரல் நீளம், காம்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தன. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். ஜன்னலே இல்லாத சுவரோரம், அலமாரி மேல்.

உங்கள் செடி எதுவென்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான பிலோடென்ட்ரான்களில் புது இலை தனியாக ஒரு மெல்லிய உறைக்குள் இருந்து வரும். இலை விரிந்ததும் அந்த உறை காய்ந்துவிடும். மான்ஸ்டெராவில் அப்படி ஓர் உறை கிடையாது. முந்தைய இலைக்காம்பின் பள்ளத்திலிருந்தே அடுத்த இலை சுருளாக எழும். காம்பும் இலையும் சேரும் இடத்தில் முட்டி போல ஒரு தடிப்பும் இருக்கும். அன்று அந்த மூன்று இலைகளிலும் அதை விரலால் தொட்டுக் காட்டினேன்.

ஓட்டை ஏன் விழவில்லை என்றால், மான்ஸ்டெரா டெலிசியோசா மரமேறும் கொடி. தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள காடுகளில் தரையில் முளைத்து, மரத்தைப் பிடித்து ஏறுகிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு கொடியின் நாற்றுகள், மரம் நிற்பதால் இருட்டாக உள்ள பக்கம் நோக்கி ஊர்ந்து அந்த மரத்தைத் தேடிப் போவதை ஸ்ட்ராங், ரே என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் எழுதியிருக்கிறார்கள். மரம் கிடைத்து, மேலே வெளிச்சமும் கிடைத்தால்தான் இலை பெரிதாகும், பிளக்கும். ஓட்டைகள் இலை மொட்டுக்குள் சுருண்டிருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. முழுசாக விரிந்த இலையில் பிறகு விழாது. அதற்காகக் காத்திருக்காதீர்கள், அடுத்த இலையைப் பாருங்கள்.

அப்புறம், வெளிச்சம் மட்டும் போதாது, பிடிமானமும் வேண்டும். மான்ஸ்டெராவுக்கு முதுகுப் பக்கம் உண்டு, காற்று வேர்கள் அங்கேதான் வரும். அந்தப் பக்கம் பாசிக் கம்பத்தில், அதாவது பாசி சுற்றிய கம்பத்தில், படும்படி நிறுத்துங்கள். கட்டுவது தண்டைத்தான், காம்பைக் கட்டினால் இலை திரும்ப முடியாமல் முடங்கும். கம்பத்தை ஈரமாக வைத்திருந்தால் வேர் தானே உள்ளே நுழைந்துவிடும். ஜன்னலிலிருந்து 3 அடிக்குள் வையுங்கள், சுடுவெயில் மட்டும் நேராக விழ வேண்டாம். மேல் மண் 2 அங்குலம் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் போதும். எங்களிடம் வரும் செத்த செடிகளில் பாதிக்கு மேல் வேர் அழுகியவைதான்.

கம்பம் கட்டித் தரும் நம் பையன் இரண்டு மாதம் முன்பு வேறு வேலைக்குப் போய்விட்டார், பாசியும் விலை ஏறிவிட்டது. அதனால் அதன்பின் போன தொட்டிகளில் வெறும் மூங்கில் குச்சிதான் இருந்தது, இனிக் கம்பம் தனியாக வாங்க வேண்டியிருக்கும். முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

இந்தப் பேச்சு வந்ததும் தங்கள் வீட்டு மான்ஸ்டெராவைப் படமெடுத்து அந்தக் குழுக்களிலேயே போட்டவர்கள் உண்டு. கூரையைத் தொட்ட கொடியின் படம் ஒன்றைப் பார்த்து அன்று முழுக்க வேலை ஓடவில்லை. நம்மிடம் ஒற்றைக் கணுத் துண்டாக வாங்கிப்போன செடி அது. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தொட்டியைத் தூக்கி வந்தவரும் செடியைத் திரும்ப எடுத்துப் போயிருக்கிறார், ஜன்னலோரம் வைக்க. சந்தேகம் உள்ள யாரும் அவரைப் போலக் கொண்டு வாருங்கள். மதியத்துக்கு மேல் நானே இருப்பேன், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் செடிக்கடைக்காரர்