சீட்டை ஒரு தரம் அழுத்திப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறேன். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான். தோட்டத்து நாற்றுமேடையில் செம்பனைக் கன்றுகளுக்குக் களை எடுப்பது, மருந்தடிப்பது என் வேலை. காலை ஆறு மணிப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நாங்கள் குடியிருக்கும் தாமானிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். அண்ணன் ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த ஹோண்டா இஎக்ஸ்5. அதற்குப் பதினெட்டு வயதாகிறது. எங்கள் பக்கம் இப்படிப்பட்ட பழைய வண்டிகள்தான் அதிகம். எஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறோம். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் அப்சோர்பரை (ஸ்பிரிங்கும் எண்ணெயும் உள்ள அதிர்வுதாங்கி) யாரும் பார்ப்பதில்லை. நானும் அப்படி விட்டவள்தான்.

ஏழெட்டு மாதமாகவே அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரை மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்குக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்துத்தான் கூட்டிப்போவேன். "இடுப்புல இடிக்குதுடி, மெதுவாப் போ" என்பார். நான் ரோட்டைத்தான் குறை சொன்னேன். லோரிகள் ஓடி ஓடி, குழி விழுந்து, குழிமேல் தார் அப்பி, ஒட்டுப்போட்ட துணி மாதிரி கிடக்கிற ரோடு. அதில் இடிக்காமல் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடந்த மார்ச் மாதம் விடிவதற்கு முன், மழை விட்ட நேரத்தில், ஒரு வளைவில் அந்தத் தார் ஒட்டின் மேல் ஏறி இறங்கினேன். பின்சக்கரம் இரண்டு மூன்று தரம் துள்ளியது. பயத்தில் பின் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பக்கவாட்டில் நழுவ, வண்டியோடு கால்வாய்க் கரைப் புல்லில் விழுந்தேன். முழங்கையில் நான்கு தையல். அன்று அம்மா பின்னால் இல்லை, லோரியும் வரவில்லை. அந்த மாரியாத்தாள்தான் காப்பாற்றினாள்.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். டயரை மாற்றினார்கள். துள்ளல் நிற்கவில்லை. மறுபடி போனேன். இடது பக்க அப்சோர்பரில் எண்ணெய் கசிகிறது என்று அதை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். வலது நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் வீண் செலவு என்று கேட்டபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதற்குப் பிறகு வளைவில் வண்டி வாலை ஆட்டத் தொடங்கியது. முன்னைவிட அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

என் சித்தப்பா முப்பது வருடம் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பார்த்தவர். அவர் வந்து எஞ்சினைத் தொடவே இல்லை. வண்டியை நேராகப் பிடிக்கச் சொன்னார். சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திச் சட்டென்று விட்டார். "நல்ல அப்சோர்பர்னா ஒரு தரம் மேல வந்து நின்னுடணும். இது ஆடுது பாரு." அப்புறம் வலது பக்க ஸ்பிரிங்குக்குள் விரலை விட்டு, நடுவில் இருக்கும் தண்டைத் துடைத்துக் காட்டினார். விரல் நுனியில் செம்மண் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கறுத்த பசை. நன்றாக இருக்கிறது என்று சொன்ன அதே வலது பக்கம்! தண்டில் துரு புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. அந்தத் துருதான் உள்ளே இருக்கும் ரப்பர் சீலை அறுத்து எண்ணெயை வெளியே விடுகிறதாம்.

ஸ்பிரிங் இருக்கிறதே, எண்ணெய் போனால் என்ன என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "நீ தோள்ல மாட்டுற மருந்து பம்பு இருக்குல்ல? உள்ள தண்ணி இருந்தா கைப்பிடி கனமா இறங்கும். காலியா இருந்தா சும்மா தடதடன்னு ஆடும். இதுவும் அதேதான்." பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதிக்காமல் பிடித்து நிறுத்துவது உள்ளே சின்னத் துளைகள் வழியாகப் போய்வரும் எண்ணெய். எண்ணெய் போனால் ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்கும், டயர் ரோட்டை விட்டு எழும்பி எழும்பி விழும். எழும்பியிருக்கும் நேரத்தில் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும் பயன் இல்லை. நான் விழுந்தது அப்படித்தான். அப்சோர்பர் என்பது இடுப்பு வலிக்காமல் இருக்க வைத்த சொகுசு என்று நினைத்திருந்தேன். அது டயரை ரோட்டோடு ஒட்டவைக்கும் சாமான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் செத்தது என்றால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். வால் ஆடியது அதனால்தான். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றினோம். ஜோடி 85 வெள்ளி (ரிங்கிட்). நட்டுகளில் முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். மறுநாள் இரட்டைக்கால் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதுசை மாட்டிய பிறகுதான் சித்தப்பா அடுத்த பக்கத்தைத் தொட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சக்கரம் தொங்கிவிடும், துளைகள் நேராக வராது. வலது அப்சோர்பரின் கீழ்க் கண்ணில் (வண்டியோடு மாட்டும் வளையத்தில்) இருந்த ரப்பர் புஷ் கையில் எடுத்ததும் காய்ந்த புண்ணாக்கு மாதிரி உதிர்ந்தது. குழியில் விழும்போதெல்லாம் கேட்ட 'டொக்' சத்தம் அதிலிருந்து வந்ததுதான். நட்டுகளை முதலில் லேசாகத்தான் இறுக்கினார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பாரம் சக்கரத்தில் வந்த பிறகுதான் முழு இறுக்கம், இல்லாவிட்டால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்பானர் போட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், ஒரு நட்டு கால் சுற்று வாங்கியது.

தம்பிமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று குட்டையான அப்சோர்பர் போடுகிறீர்கள். பின்னால் ஆள் ஏறினால் டயர் மட்கார்டில் உரசுகிறது. பழையதைக் கழற்றும்போதே இரண்டு கண்களின் நடுவுக்கு நடு அளந்துகொண்டு, அதே நீளத்தில் வாங்குங்கள். பழைய வண்டியில் கழற்றிய அப்சோர்பரைப் பாதி விலைக்கு வாங்க வேண்டாம். அதற்குள் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

லோரியும் பஸ்ஸும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகின்றன. நம் மோட்டாருக்கு அப்படி எதுவும் கிடையாது. காப்புறுதி எடுத்தால் சாலைவரி கிடைத்துவிடும். நம் மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள். பண்டிகைக் காலச் சோதனையில் ஹெல்மெட், லைட், டயர் எல்லாம் பார்க்கிறார்கள். என் வண்டியின் சீட்டை ஒருவரும் அழுத்திப் பார்த்ததில்லை.

அதனால் தோட்டத்துக் கோயில் கமிட்டிகளையும் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒரு ஞாயிறு காலை, கோயில் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, விவரம் தெரிந்த ஒருவரை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வண்டிக்கு அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் தோட்டத்துக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். திருவிழா முடிந்ததும் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
நாற்றுமேடைத் தொழிலாளி ஒருவர்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.